தலை மடங்கும் ஸ்பேனர்: எந்த வேலைக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

ராட்செட் என்றால் ஒரு திசையில் போல்ட்டைத் திருப்பி, மறு திசையில் பிடி விட்டுத் திரும்பி வரும் பல்சக்கர அமைப்பு. தலை மடங்கும் ராட்செட் ஸ்பேனர் உருப்படியாகச் செய்வது ஒரே ஒரு வேலைதான். ஏற்கெனவே லூஸான போல்ட்டை, கை சுழல இடமில்லாத மூலையில் சீக்கிரம் கழற்றும், அதேபோல் மாட்டும். இறுகிப் பிடித்திருக்கும் போல்ட்டை முதலில் அசைப்பதும், முடிவில் டைட் வைப்பதும் அதன் வேலை இல்லை. இதை மனதில் வைத்து வாங்கினால் நான்கு அளவுகளே போதும். 8 முதல் 19 மி.மீ. வரை முழு செட் வாங்கியவர்களிடம் பாதி ஸ்பேனர்கள் புதிதாகவே கிடக்கும்.

இந்தப் பெயரில் மூன்று வகை கிடைக்கின்றன. முதலாவது, ஒரு பக்கம் ராட்செட் ரிங்கும் மறுபக்கம் சாதாரண ஓப்பன் வாயும் உள்ள ஸ்பேனர். ரிங் பக்கம் ஒரு கீலில் இரு புறமும் மடங்கும். இரண்டாவது, ராட்செட் இல்லாமல் இரு முனையிலும் மடங்கும் சாக்கெட் உள்ளது. மூன்றாவது, சாக்கெட் மாட்டும் ராட்செட் கைப்பிடி, அதன் தலை மட்டும் மடங்கும். கையில் எதுவுமே இல்லாதவர் மூன்றாவதில் தொடங்குவது நல்லது. 3/8 அங்குல டிரைவில் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) தலை மடங்கும் ராட்செட் ஒன்று இருந்தால், ஏற்கெனவே இருக்கும் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும். ஸ்பேனர் வகையை அடுத்துப் பார்க்கலாம்.

ஸ்பேனர் வகை ராட்செட் கைப்பிடியை ஜெயிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, போல்ட் தலைக்கு மேல் இருக்கும் இடம் மிகக் குறைவாக இருப்பது. ராட்செட்டின் தலையும் சாக்கெட்டும் சேர்ந்த உயரம் அங்கே நுழையாது. ரிங் மட்டும் நுழையும். இன்னொன்று, நட்டைத் தாண்டி ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) நீளமாக வெளியே நிற்பது. எக்ஸாஸ்ட் ஃப்ளாஞ்ச், யு-போல்ட் போன்றவற்றில் சாதாரண சாக்கெட்டின் அடி ஸ்டட்டில் இடித்து நட்டைப் பிடிக்காமல் போகும். ரிங்குக்குள் ஸ்டட் ஊடுருவிப் போய்விடும்.

கை அசையும் இடத்தையும் கணக்குப் பாருங்கள். 12 முனை சாதாரண ரிங் ஸ்பேனரை எடுத்து மறுபடி மாட்ட 30 டிகிரி திருப்ப வேண்டும். 200 மி.மீ. நீள ஸ்பேனரில் அதன் நுனி சுமார் 10 செ.மீ. நகர வேண்டும். 72 பல் ராட்செட்டுக்கு 5 டிகிரி போதும், நுனி ஏறக்குறைய 17 மி.மீ. நகர்ந்தால் அடுத்த பல் பிடிக்கும். 90 பல்லுக்கு 4 டிகிரி, 120-க்கு 3 டிகிரி. கீல் கொஞ்சம் ஆடினால் அந்த ஆட்டமே இந்த லாபத்தைத் தின்றுவிடும். அதனால் கீல் ஆடும் 120-ஐவிட கீல் இறுக்கமான 72 மேல். 120 என்று எழுதியிருப்பதிலும் சில, 60 பல் சக்கரத்தை மாறி மாறிப் பிடிக்கும் இரண்டு நாக்குகளால் (பல்லில் மாட்டிப் பிடிக்கும் சிறு துண்டுகள்) அந்த எண்ணிக்கையை எட்டுபவை. அது குறையில்லை, பல் பெரிதாக இருப்பதால் நல்லதுகூட.

எந்த அளவு? 10, 12, 13, 14. ஜப்பானிய வண்டிகளில் 10, 12, 14 அதிகம் வரும். ஐரோப்பிய வண்டிகளில் 10, 13 அதிகம், அதற்கு மேல் 15, 16, 18 என்று போகும். 17-க்கு மேல் வரும் போல்ட்டுகள் பெரும்பாலும் பெரிய டார்க் (முறுக்கு விசை) கேட்பவை. அங்கே கீல் உள்ள ஸ்பேனருக்கு வேலை குறைவு. 8-ஐ 1/4 அங்குல ராட்செட்டே பார்த்துக்கொள்ளும்.

கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால் முதலில் கீலைப் பாருங்கள். ஸ்பேனரைக் கிடைமட்டமாகப் பிடித்து, தலையை 45 டிகிரி மடக்கிவிட்டு லேசாக உலுக்குங்கள். தலை அப்படியே நிற்க வேண்டும். தொங்கினால், கண்ணுக்குத் தெரியாத போல்ட்டின் மேல் ஒரு கையால் அதை உட்கார வைக்கவே முடியாது. கீலில் திருகு போட்டிருந்தால் நல்லது, பிறகு இறுக்கிக்கொள்ளலாம். அடித்து மூடிய ரிவெட் என்றால், லூஸான பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்து, ரிங்கின் வெளி விட்டத்தை அதே அளவு சாதாரண ரிங்கோடு ஒப்பிடுங்கள். உள்ளே பல்சக்கரம் இருப்பதால் ராட்செட் ரிங் கட்டாயம் தடிமனாகவும் அகலமாகவும்தான் இருக்கும். போல்ட் தலைக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையே 3 மி.மீ. மட்டும் இருக்கும் இடத்தில் சாதாரண ரிங் நுழையும், இது நுழையாது.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ரிங்கை ஒட்டியே கீலின் குமிழ் இருக்கிறது. போல்ட்டுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் இன்னொரு போல்ட்டோ வார்ப்பின் விளிம்போ இருந்தால் குமிழ் அதில் இடித்து, ரிங் அடிவரை உட்காராது. போல்ட் தலையின் மேல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு திருப்பினால் முனை உருளத்தான் செய்யும். அந்த மாதிரி இடத்துக்கு 15 டிகிரி சாய்ந்த சாதாரண ரிங் ஸ்பேனர்தான் சரி. உண்மையில் 'மடங்கினால்தான் முடியும்' என்று தோன்றும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த 15 டிகிரியே போதும்.

ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், இன்டேக் மேனிஃபோல்டின் அடிப்பக்கம் போன்ற இடங்களில் வேலை செய்யும் வரிசை இது. போல்ட் தலையைச் சுற்றியுள்ள மண், துருவைக் கம்பி பிரஷால் எடுத்துவிடுங்கள். சாதாரண ரிங்காலோ 6 முனை சாக்கெட்டாலோ முதல் கால் சுற்று அசைத்து லூஸ் செய்யுங்கள். பிறகுதான் மடங்கும் ஸ்பேனரை எடுக்க வேண்டும். ரிங் போல்ட்டின் அடிவரை உட்கார்ந்ததா என்று இன்னொரு கை விரலால் தடவிப் பாருங்கள். கைப்பிடியைத் தேவையான அளவுக்கு மட்டும் மடக்குங்கள். முழுவதும் மடக்க முடியும் என்பதற்காக மடக்க வேண்டாம்.

காரணம் எளிது. கைப்பிடி சாய்ந்தால் போல்ட்டின் அச்சிலிருந்து கை இருக்கும் தூரம் குறைகிறது. 15 டிகிரியில் அந்த இழப்பு 3 சதவீதம்தான், 30-இல் 13, 45-இல் 29. அதே டார்க் வர அதைவிடச் சற்று அதிகமாகவே கூடுதலாக இழுக்க வேண்டும், 45-இல் சுமார் 41 சதவீதம். இழுப்பு கொஞ்சம் கோணினாலும் ரிங் போல்ட்டிலிருந்து கிளம்பப் பார்க்கும். போல்ட் முனை உருள்வதும் கை விரல் முட்டி அடிபடுவதும் இப்படித்தான். கட்டாயம் 45-க்கு மேல் மடக்க வேண்டியிருந்தால், ஒரு கையால் ரிங்கின் தலையைப் போல்ட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு மறு கையால் திருப்புங்கள்.

போல்ட் நன்றாக லூஸானதும் ராட்செட் கிளிக் ஆகாமல் போல்ட்டும் சேர்ந்தே முன்னும் பின்னும் ஆடும். ஸ்பேனர் கெட்டுவிடவில்லை, மரையில் இருக்கும் பிடிப்பைவிட ராட்செட்டின் உராய்வு அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். அங்கேயே ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் கழற்றுங்கள்.

இந்த ஸ்பேனர் தரும் மிக மோசமான தலைவலி, போல்ட்டுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது. ரிவர்ஸ் லிவர் இல்லாத வகையில் திசை மாற்ற ஸ்பேனரையே எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். போல்ட் வெளியே வர வர மேலே இடம் குறையும், ஒரு கட்டத்துக்குப் பிறகு ரிங்கை உருவ முடியாது. ஒரு எம்8 போல்ட்டை எடுத்துக்கொள்வோம். தலை உயரம் சுமார் 5 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ. ரிங்கின் தடிமன் 10 மி.மீ. என்றால், அதை உருவ 15 மி.மீ. வேண்டும். போல்ட் தலை உட்காரும் பரப்பிலிருந்து எதிர்ச் சுவர் 22 மி.மீ. தூரத்தில் இருந்தால் மிச்சம் 7 மி.மீ., அதாவது ஐந்தரைச் சுற்று. ஐந்தாவது சுற்றிலேயே ஸ்பேனரை எடுத்துவிட வேண்டும். எண்ணிக்கொண்டே கழற்றும் பழக்கம் இங்கே காப்பாற்றும்.

மாட்டிக்கொண்டால் சுத்தியல் எடுக்காதீர்கள். கீலில் திருகு இருக்கும் வகை என்றால் அந்தத் திருகைக் கழற்றிக் கைப்பிடியைத் தனியே எடுத்துவிடுங்கள். பிறகு ரிங்கைப் போல்ட்டோடு சேர்த்தே விரலாலோ குறட்டாலோ உள்ளே முறுக்கி, இடம் வந்ததும் உருவிவிடலாம். ரிவெட் வகை என்றால் எதிரே இருப்பதை நகர்த்துவதுதான் வழி: பைப் கிளாம்பை அவிழ்ப்பது, அல்லது எஞ்சின் மவுண்ட்டை லூஸ் செய்து, ஜாக்கியில் மரக்கட்டை வைத்துச் சில மி.மீ. தூக்குவது. இந்த ஒரு காரணத்துக்காகவே 10, 12 அளவுகளில் ரிவர்ஸ் லிவர் உள்ளதை வாங்கலாம். அதன் தலை இன்னும் கொஞ்சம் தடிமனாகும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாட்டும்போது இரண்டு மூன்று சுற்று விரலால் மரை ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைப் போட வேண்டும். ராட்செட்டில் மரை கோணலாக ஏறுவது கைக்குத் தெரியாது. இந்த ஸ்பேனர்களில் சில நீளமானவை. 10 அளவு தலையுள்ள எம்6 போல்ட்டுக்குப் பல இடங்களில் 10 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. 250 மி.மீ. கைப்பிடியின் நுனியில் அது வெறும் 4 கிலோ இழுப்பு. அலுமினியத்தில் இருக்கும் மரையை உரித்துவிட ஒரு நொடி போதும். கடைசி டைட்டை டார்க் ரெஞ்சுக்கு விடுங்கள்.

பிரேக் பைப், ஃபியூயல் பைப் நட்டுகளுக்கு இதைத் தேட வேண்டாம். மூடிய ரிங் பைப்பைத் தாண்டி நுழையாது, அதற்கு வாய் வெட்டிய ஃப்ளேர் நட் ஸ்பேனர் இருக்கிறது. கைப்பிடியில் பைப் செருகி நீட்டுவது, ஓப்பன் வாயில் இன்னொரு ஸ்பேனரைக் கோத்து இழுப்பது, தலையில் தட்டுவது மூன்றும் நாக்கையோ கீல் பின்னையோ முறிக்கும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மண் புகுந்து பல் தாண்டினால் பிரேக் கிளீனர் அடித்துக் கழுவி, காய்ந்ததும் மெல்லிய எண்ணெய் ஓரிரு சொட்டு விடுங்கள். கிரீஸ் திணிக்க வேண்டாம். நாக்கின் ஸ்பிரிங் சிறியது, கெட்டியான கிரீஸில் நாக்கு மெதுவாகத் திரும்பி, பாதிப் பல்லைப் பிடித்து வழுக்கும். கழுவியும் வழுக்கினால் அந்த ஸ்பேனரின் ரிங் பக்கத்தை நம்ப வேண்டாம். ஓப்பன் வாய் நன்றாக இருக்கும், எதிர்ப்பக்க நட்டைப் பிடித்துக்கொள்ள உதவும்.