பிலிப்புவிடம் ஏன் கேட்டார்?

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில், ஒரே சம்பவத்தைச் சொல்லும் பகுதிகளைப் பக்கம் பக்கமாக வைத்து வாசித்துப் பாருங்கள். இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்ததை எடுக்கலாம்: மத்தேயு 14, மாற்கு 6, லூக்கா 9, யோவான் 6. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒருவர் மட்டுமே சொல்வதை அடிக்கோடிடுங்கள். வித்தியாசம் கண்ணில் பட்டால் உடனே சமாதானம் தேட வேண்டாம், அப்படியே குறித்து வையுங்கள்.

அப்பம் எங்கே வாங்கலாம் என்று இயேசு தம் சீடரான பிலிப்புவிடம் கேட்டார் என்கிறார் யோவான். ஏன் பிலிப்பு? அவரைச் சோதிக்கவே கேட்டார் என்கிறது அந்தப் பகுதி (6:6); ஆனால் குறிப்பாக அவரை ஏன் என்பதற்கு அங்கே காரணம் இல்லை. லூக்காவைப் பாருங்கள்: இடம் பெத்சாயிதா பக்கம். பிலிப்புவின் ஊரும் அதுதான் (யோவான் 1:44). உள்ளூர்க்காரரிடம்தானே கேட்போம்! முதன்முதலில் இதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அப்புறம், மக்கள் உட்கார்ந்ததாக மாற்கு சொல்லும் பசும்புல். பஸ்கா என்ற யூதப் பண்டிகை நெருங்கியிருந்தது என்று யோவான் சொல்கிறாரே, இது நடந்த கலிலேயாவில் அது வசந்தகாலம், புல் பச்சையாக இருக்கும் நேரம்.