இலை வெளுத்ததும் உரப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள்

மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் செய்கிற முதல் தவறே இதுதான். நானும் செய்திருக்கிறேன். போன கோடையில் என் இட்லிப்பூச் செடிக்குக் கடலைப் பிண்ணாக்குக் கரைசல், மண்புழு உரம், எப்சம் உப்பு என்று வாரத்துக்கு ஒன்றாகக் கொடுத்தேன், அது இன்னும் வெளுத்துக்கொண்டேதான் போனது.

எந்த இலை வெளுக்கிறது என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். தழைச்சத்தோ மெக்னீசியமோ குறைந்தால் செடி அதைப் பழைய இலையிலிருந்து உருவித் தளிருக்கு அனுப்பிவிடும், அதனால் அடியிலைதான் மஞ்சளாகும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. அது குறைந்தால் நுனித்தளிர் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக, வலை விரித்த மாதிரி நிற்கும். என் செடி இந்த ரகம். இத்தனைக்கும் தொட்டியில் பாதி செம்மண், அதன் சிவப்பே இரும்புதான்! போர் தண்ணீரிலிருந்த பைகார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைக் காரமாக்கியதில், இருக்கிற இரும்பு கரையாமல் பூட்டிக்கொண்டது. இந்த நிலையில் துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதால் பயனில்லை, அதுவும் கரையாது. அடுப்புச் சாம்பல் போடுவது இன்னும் மோசம், காரம் கூடும்.

ஆனால் வேர் அழுகினாலும் தளிர் வெளுக்கும். அதனால் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து ஒருமுறை வேரைப் பாருங்கள். பழுப்பாகக் குழைந்து நாற்றம் அடித்தால் பிரச்சினை சத்தில் இல்லை, நீங்கள் ஊற்றுகிற தண்ணீரின் அளவில்.

மண் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்று காட்டுகிற எண்தான் பி.எச்., அதைப் பார்ப்பதிலும் கோளாறு செய்கிறோம். வினிகர் ஊற்றி நுரை வருகிறதா என்று பார்த்தால் சுண்ணாம்பு இருப்பது தெரியும், அவ்வளவுதான். மண்ணில் குத்துகிற மலிவு மீட்டர் காய்ந்த மண்ணில் எதையாவது காட்டும். வேர் ஆழத்திலிருந்து ஒரு பங்கு மண் எடுத்து, இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டரில் (பேட்டரிக்கு ஊற்றுவதுதான்) கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு பி.எச். தாளை நனையுங்கள். குழாய்த் தண்ணீரில் கலக்கினால் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள். 6 முதல் 6.5 வரை பெரும்பாலான செடிகளுக்கு நல்லது. 7.5-ஐத் தாண்டினால் இட்லிப்பூ திணறும். 7-க்கும் 8-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள், காரத்தில் அது பத்து மடங்கு.

இரும்புதான் என்று உறுதியானால் அன்னபேதியை (ஃபெரஸ் சல்ஃபேட் என்கிற இரும்பு உப்பு) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளிக்கலாம். மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் இரும்பு பூட்டிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிற ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) சேர்த்த இரும்பு வாங்குங்கள், ஈ.டி.டி.ஏ. (EDTA) சேர்த்தது காரமண்ணில் நிற்காது. பெயரில் எச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம், வெளுத்துப்போன இலையையே தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது முழுசாகத் திரும்பாமலே போகலாம். அடுத்து வருகிற தளிரைப் பாருங்கள்.