ஏ.சி.க்கு ஒயர் மாற்றும்போது பாதியில் நிறுத்தாதீர்கள்

சித்திரை வெயில் ஏறியதும் திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் பழைய வீடுகளில் ஏ.சி. மாட்டும் வேலை மும்முரமாகிவிடும். மாட்ட வருபவர் அறையிலுள்ள சுவிட்ச் போர்டிலிருந்து புது ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். அறை குளிர்ந்துவிடுவதால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. என்னைக் கேட்டால், எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஆறடி ஒயர்தான் புதிது. அந்த போர்டிலிருந்து மெயின் வரை சுவருக்குள் ஓடுவது, விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று எப்போதோ போட்ட 1 சதுர மில்லிமீட்டர் ஒயர்.

டவுன் பக்கத்துத் தெரு வீடுகள் பல அகலம் குறைந்து நீளம் கூடியவை. மீட்டர் வாசலில் இருக்கும், படுக்கையறை பின்கட்டில் இருக்கும். இடையே 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை டன் ஏ.சி. 8 ஆம்பியர் இழுத்தால், போக வர 60 மீட்டர் ஒயரில் 8, 9 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். ஏறக்குறைய 70 வாட் வெப்பம் சுவருக்குள் இறங்கும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் இதே வெப்பம் 20 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதனால் மெயின் போர்டிலிருந்தே தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். நியூட்ரலும் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) தனியாக வர வேண்டும். பேஸில் (மின்சாரம் வரும் ஒயரில்) ஓடும் அதே மின்சாரம் நியூட்ரலிலும் ஓடுகிறது. அதைப் பழைய மெல்லிய ஒயரோடு முறுக்கிவிட்டால் செய்த செலவு வீண்.

பழைய வீட்டில் அலுமினிய ஒயர் இருந்தால் அதனோடு செம்பை முறுக்கி டேப் சுற்றுவது ஆபத்து. இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. முடிச்சு தளரும், அலுமினியத்தின் மேல் ஆக்ஸைடு படியும், அந்த இடம்தான் முதலில் கருகும்.

எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று 32 ஆம்பியர் மாட்டித் தருபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. எம்.சி.பி. காப்பது ஒயரை. மெல்லிய ஒயருக்குப் பெரிய எம்.சி.பி. போட்டால், ஒயர் உருகும்வரை அது சும்மா இருக்கும். 4 சதுர மில்லிமீட்டர் லைனுக்கு 20 ஆம்பியர் 'சி' வகை (ஏ.சி. தொடங்கும் நொடியில் ஏறும் மின்சாரத்துக்கு விழாத வகை) போதும்.

எர்த்தை நியூட்ரலோடு இணைத்துச் சமாளிப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் ஏ.சி.யின் இரும்பு உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டும் பழக்கமும் இனி உதவாது, குழாய்கள் பிளாஸ்டிக்காகிவிட்டன. எர்த் குழி கோடையில் காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

ஒயர் வாங்கும்போது ஒயருக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 694 முத்திரையைப் பாருங்கள். இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதாவிட்டால் மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பியுங்கள். ஏ.சி. ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில், ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கின் மேல்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கும்.