ஸ்கிரீனரில் மலிவாகத் தெரியும் பங்கு: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கம் பங்கு வாங்குவதென்றால் ஒரு காலத்தில் ஈப்போவுக்குப் போய் ரெமிசியரை, அதாவது பங்குத் தரகு முகவரைப் பார்த்தாக வேண்டும். இன்றைக்குத் தோட்டத்து வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே புர்சா மலேசியா பங்குச் சந்தையில் இருக்கும் ஆயிரம் சொச்சம் நிறுவனங்களையும் கைப்பேசியில் சலித்துப் பார்த்துவிடலாம். நாம் வைக்கும் நிபந்தனைக்குப் பொருந்தும் பங்குகளைச் சலித்துக் காட்டும் கருவிதான் ஸ்கிரீனர். கேஎல்எஸ்இ ஸ்கிரீனர், டிரேடிங்வியூ போன்ற செயலிகளில் இலவசமாகவே நிறைய பார்க்க முடிகிறது. இது பெரிய வசதி, வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பங்கில் போடுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்ந்த பணம் அது. ஸ்கிரீனர் தரும் பட்டியலை அப்படியே வாங்கும் பட்டியலாக எடுத்துக்கொள்ளும்போதுதான் அந்தப் பணம் போகிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, பிஇ குறைவாக இருக்கும் பங்கை மலிவு என்று நம்புவது. பிஇ என்பது பங்கின் விலையை ஒரு பங்குக்குக் கிடைத்த லாபத்தால் வகுத்து வரும் எண். எந்த லாபம்? பெரும்பாலான செயலிகள் கடந்த நான்கு காலாண்டு லாபத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், அதாவது முடிந்துபோன லாபம். விலையோ இனி வரப்போவதை நினைத்து ஏறி இறங்குகிறது. கையுறை நிறுவனங்களின் கதையைப் பார்த்தால் இது புரிந்துவிடும். கோவிட் காலத்தில் டாப் குளோவ் 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் 7 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் லாபம் பார்த்தது. அந்தச் சமயத்தில் அதன் பிஇ மூன்று, நான்கு என்ற அளவுக்கு வந்துவிட்டது. "பிஇ பத்துக்குக் கீழே, லாபம் வளர்ந்திருக்க வேண்டும், கடன் குறைவு" என்று யார் சலித்திருந்தாலும் பட்டியலின் உச்சியில் அதுதான் நின்றிருக்கும். ஆனால் அதற்குள் தடுப்பூசி பரவலாகி, புதுப்புது கையுறைத் தொழிற்சாலைகள் கிளம்பி, கையுறை விலை இறங்கத் தொடங்கிவிட்டது. 2022 நிதியாண்டில் லாபம் சில நூறு மில்லியனாகச் சுருங்கியது, 2023இல் நஷ்டம். 2020 அக்டோபரில் 9 ரிங்கிட்டைத் தாண்டிய பங்கு, 2022 முடிவதற்குள் ஒரு ரிங்கிட்டுக்கும் கீழே போனது. செயலி காட்டிய எண்ணில் பிழை எதுவும் இல்லை. அது திரும்பி வராத லாபத்தின் எண், அவ்வளவுதான்.

செம்பனைத் தோட்ட நிறுவனங்களிலும் இதே கதை நடக்கும். 2022 மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. இந்தோனேசியா ஏப்ரல் கடைசியில் ஏற்றுமதியைத் தடைசெய்து, மே மாதம் அந்தத் தடையை நீக்கியது. ஜூலையில் விலை 4,000க்கும் கீழே வந்துவிட்டது. அந்த ஆண்டின் கடைசியில் தோட்டப் பங்குகளின் பிஇயைப் பார்த்தவர்களுக்கு எல்லாமே மலிவாகத்தான் தெரிந்திருக்கும், ஏனென்றால் 7,000 ரிங்கிட் காலத்து லாபம் அந்தக் கணக்குக்குள் இருந்தது. ஆகவே தோட்டம், கையுறை, எஃகு, கப்பல் மாதிரி விலை ஏறி இறங்கும் தொழில்களில் ஒரு வருட லாபத்தை நம்பாதீர்கள். ஐந்து, ஏழு வருட லாபத்தின் சராசரியை எடுத்துப் பிஇயைப் போட்டுப் பாருங்கள். கையால் போட்டாலும் கால் மணி நேரம்கூட ஆகாது.

தோட்டப் பங்குகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், இது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். செம்பனை வருடம் முழுக்க ஒரே அளவு காய்ப்பதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் குலை குறையும், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் குவியும். 'முந்தைய காலாண்டைவிட லாபம் 30 விழுக்காடு அதிகம்' என்று ஒரு வடிகட்டியை வைத்தால், அறுவடைக் காலம் வரும்போதெல்லாம் தோட்ட நிறுவனங்கள் வரிசையாக வந்து நிற்கும். அது வளர்ச்சி இல்லை, பருவம். போன வருடம் இதே காலாண்டில் எவ்வளவு என்றுதான் ஒப்பிட வேண்டும்.

அப்புறம் நில விற்பனை. தோட்டங்களைத் துண்டாடி வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்பதை நாம் கண்ணெதிரே பார்த்து வளர்ந்தவர்கள். மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளிகள் தெருவுக்கு வந்ததால்தான். நிலம் விற்றால் அந்தக் காலாண்டில் நிறுவனத்தின் லாபம் திடீரென்று பெருகும். செயலிக்கு எண்ணெய் விற்ற லாபமும் தோட்டத்தையே விற்ற லாபமும் ஒன்றுதான்.

ஒரு சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் ஒரு தம்பி கைப்பேசியைக் காட்டினார். பிஇ 4, ஈவுத்தொகை 11 விழுக்காடு. "அண்ணே, இதைவிட மலிவா எது கிடைக்கும்? ரெண்டாயிரம் வெள்ளிக்கு எடுத்துடலாமா?" என்று கேட்டார். (வெள்ளி என்றால் ரிங்கிட்தான்.) "இரு தம்பி, முதல்ல காலாண்டு அறிக்கையைத் திற" என்றேன். புர்சா இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் அறிவிப்புகள் பகுதியில் அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். மலாயிலோ ஆங்கிலத்திலோ எல்லாப் பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை. லாப நஷ்டக் கணக்கில் 'இதர வருமானம்' என்ற வரியை முதலில் பாருங்கள், பிறகு பின்பக்கத்தில் நிர்வாகம் எழுதியிருக்கும் விளக்கத்தைப் படியுங்கள். அந்தத் தம்பி காட்டிய நிறுவனத்தில் லாபத்தின் பெரும்பகுதி நிலம் விற்ற பணம். அதிலிருந்து ஒரு முறை கொடுத்த சிறப்பு ஈவுத்தொகையைத்தான் செயலி வருடா வருடம் வருவது போல 11 விழுக்காடு என்று காட்டியது. நிலம் விற்ற லாபத்தைக் கழித்துப் போட்டோம், பிஇ இருபதைத் தாண்டியது. அவர் வாங்கவில்லை.

விலை வரைபடத்தை வைத்துச் சலிப்பவர்கள் போனஸ் பங்கு (கையிலிருக்கும் பங்குக்கு இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு), பங்கு ஒருங்கிணைப்பு (பல பங்கை ஒன்றாக்குவது) இரண்டையும் சரிபார்க்க வேண்டும். 2020 செப்டம்பரில் டாப் குளோவ் ஒரு பங்குக்கு இரண்டு போனஸ் பங்கு கொடுத்தது. ஒன்று மூன்றானால் விலையும் மூன்றில் ஒன்றாகும். பழைய விலையைத் திருத்தாத செயலியில் இது ஒரே நாளில் 66 விழுக்காடு வீழ்ச்சி போலத் தெரியும், 'அதிகம் விழுந்த பங்குகள்' பட்டியலிலும் வந்துவிடும். விலை அப்படித் திடீரென்று குதித்தாலோ விழுந்தாலோ அறிவிப்புகள் பக்கத்தைப் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும்.

சொந்தமாக விதி எழுதிப் பழைய தரவில் சோதித்துப் பார்ப்பவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சோதனை இரண்டு இடங்களில் ஏமாற்றும். டிசம்பரில் முடியும் காலாண்டின் கணக்கை வெளியிட நிறுவனத்துக்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு, பல நிறுவனங்கள் பிப்ரவரிக் கடைசியில்தான் வெளியிடுகின்றன. உங்கள் சோதனை டிசம்பர் லாபத்தைப் பார்த்து ஜனவரி 2ஆம் தேதி வாங்குவதாக ஓடினால், யாருக்கும் தெரியாத கணக்கை வைத்து வாங்குகிறது என்று அர்த்தம். அந்த லாபம் காகிதத்தில் மட்டும்தான் வரும். இரண்டாவது, இன்றைக்குப் பட்டியலில் இருக்கும் நிறுவனங்களை மட்டும் வைத்துப் பத்து வருடம் பின்னோக்கிச் சோதிப்பது. நொடித்துப்போய்ச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டவை அந்தப் பட்டியலில் இருக்காது. தப்பித்தவற்றை மட்டும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எந்த விதியும் நல்ல விதியாகத்தான் தெரியும்.

சில நேரம் எண்ணே சந்தேகத்துக்கு உரியதாக இருக்கும். செர்பா டினாமிக் பல வருடம் வருமானமும் லாபமும் ஏறிக்கொண்டே போன நிறுவனம், வளர்ச்சி வடிகட்டி எதை வைத்தாலும் தேறியிருக்கும். 2021 மே மாதம் அதன் தணிக்கையாளர் சில பரிவர்த்தனைகளைக் கேள்வி கேட்டார். அந்த ஆண்டு டிசம்பரில், 2020க்கான வருமானக் கணக்கு தொடர்பாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் பங்குப் பத்திர ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியது. பிறகு நிறுவனம் பிஎன்17 பட்டியலில் சேர்ந்தது. பிஎன்17 என்பது நிதி நெருக்கடியில் இருக்கும் நிறுவனங்களுக்குப் புர்சா வைக்கும் முத்திரை. எந்த மலிவுப் பங்காக இருந்தாலும் அந்த முத்திரை இருக்கிறதா, தணிக்கையாளர் ஏதாவது குறிப்பு எழுதியிருக்கிறாரா, அண்மையில் தணிக்கையாளர் மாறினாரா என்று பார்த்துவிடுங்கள். லாபம் வருவதாகச் சொல்லியும் தொழிலிலிருந்து ரொக்கம் வராமல், வர வேண்டிய பாக்கி மட்டும் வருடா வருடம் ஏறினால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

சில்லறைப் பங்குகளில் இன்னொரு தொல்லை. ஒரு ரிங்கிட்டுக்குக் கீழே உள்ள பங்கின் விலை குறைந்தது அரை சென் நகரும். ஐந்து சென் பங்கில் அரை சென் என்பது பத்து விழுக்காடு. வாங்குபவர் 5 சென்னுக்கும் விற்பவர் 5.5 சென்னுக்கும் நின்றால், வாங்கிய நிமிடமே கிட்டத்தட்ட அந்த அளவு போய்விட்டது. 'இன்று 10 விழுக்காடு ஏறியவை' பட்டியலை இவையே நிரப்புகின்றன. செலவையும் கூட்டிப் பாருங்கள். தரகுக் கட்டணம் குறைந்தது 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், முத்திரை வரி ஆயிரத்துக்கோ அதன் பகுதிக்கோ ஒரு வெள்ளி, தீர்வுக் கட்டணம் 0.03 விழுக்காடு. 500 வெள்ளிக்கு வாங்கி விற்றால் போகவர ஏறக்குறைய 18 வெள்ளி. மூன்றரை விழுக்காட்டுக்கு மேல் ஏறினால்தான் உங்களுக்கு முதல் காசு.

கடைசியாக, 'தானாக வாங்கி விற்கும் மென்பொருள், மாதம் உறுதியான லாபம்' என்று டெலிகிராமில் வருபவை. இதில் சலிக்கவும் ஒன்றுமில்லை, சோதிக்கவும் ஒன்றுமில்லை. பங்குப் பத்திர ஆணையத்தின் இணையதளத்தில் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது, உரிமம் பெற்றவர்களின் பதிவேடும் இருக்கிறது. பெயரைத் தேடிப் பாருங்கள். புர்சாவில் வாங்கிய பங்கு சிடிஎஸ் கணக்கில் பதிவாகும். அது உங்கள் பெயரில் இருக்கிறதா, தரகு நிறுவனம் உங்கள் சார்பில் வைத்திருக்கும் நியமனக் கணக்கென்றால் உரிமம் பெற்ற தரகு நிறுவனத்திடம் இருக்கிறதா என்று கேளுங்கள். தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.