மூன்று இலை போதும்: அறிவியல் பெயரைப் படிக்கக் கற்போம்

ஒரு இணுக்கு கறிவேப்பிலை, ஒரு வேப்பிலைக் கொத்து, ஒரு எலுமிச்சை இலை. இந்த மூன்றையும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் டார்ச்சும் வேண்டும்.

முதல் படி: ஜோடி சேருங்கள்

பார்த்த மாத்திரத்தில் கறிவேப்பிலையையும் வேப்பிலையையும்தான் சேர்க்கத் தோன்றும். இரண்டிலும் ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள். பெயரும் அப்படித்தான் சொல்கிறது.

இப்போது எலுமிச்சை இலைக்குக் கீழே டார்ச்சைப் பிடியுங்கள். ஊசியால் குத்தியதுபோலப் பொடிப்பொடியாக வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வரும் வாசனை அங்கிருந்துதான் வருகிறது. கறிவேப்பிலையிலும் அதே புள்ளிகள் உண்டு. கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வேப்பிலையில் அவை கிடையாது, ஓரத்தில் ரம்பப் பற்கள்தான்.

ஆகவே கறிவேப்பிலை எலுமிச்சையின் சொந்தம். நார்த்தை, வில்வம் எல்லாம் அதே ரூட்டேசி குடும்பம். வேம்பு, மகோகனியோடு மீலியேசி குடும்பத்தில் இருக்கிறது. இலைப் புள்ளியை மட்டும் பார்த்து யாரும் முடிவுகட்டுவதில்லை. பூ, காய், விதை, இப்போது டிஎன்ஏ வரை பார்ப்பார்கள்.

இரண்டாம் படி: ஏணியில் ஏறுங்கள்

கீழிருந்து மேலே: சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி, உலகம். (இலங்கைப் பாடநூல்களில் பேரினம் 'சாதி', சிற்றினம் 'இனம்'.) குடும்பத்தில் பிரிந்த வேம்பும் கறிவேப்பிலையும் அடுத்த படியான வரிசையில் சேர்ந்துவிடுகின்றன. இரண்டுமே சபிண்டேல்ஸ் வரிசைதான். பெயர் வைத்த நம் முன்னோர் ரொம்பவும் தவறிவிடவில்லை!

மூன்றாம் படி: பெயரை எழுதுங்கள்

ஏணியின் கீழ் இரண்டு படிகளான பேரினமும் சிற்றினமும்தான் பெயர். தாவரங்களுக்கு இந்த இருசொல் முறையை 1753-இல் நிலைநிறுத்தியவர் சுவீடனின் லின்னேயஸ். ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரியது. அச்சில் சாய்வெழுத்து, கையால் எழுதினால் இரு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு.

நான்காம் படி: வாலைப் படியுங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான். 1771-இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு வைத்த பெயர் பெர்கெரா கோனிகீ. அந்தக் 'கோனிகீ', அவருடைய மாணவர் கோனிக்கைக் குறிக்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்து செடி சேகரித்தவர் அவர்.

பிறகு ஸ்பிரெங்கல் என்பவர் செடியை முர்ரையா பேரினத்துக்கு மாற்றினார். அப்போது பெயர் 'முர்ரையா கோனிகீ (லி.) ஸ்பிரெங்.' ஆனது. அடைப்புக்குறிக்குள் இருப்பவர் முதலில் பெயர் வைத்தவர், வெளியே இருப்பவர் இடம் மாற்றியவர். பேரினம் மாறினாலும் பின்பாதி பொதுவாக அப்படியே கூட வரும். டிஎன்ஏ ஆய்வுகள் வந்தபின் பல பட்டியல்கள் செடியைப் பெர்கெராவுக்கே திருப்பி அனுப்பிவிட்டன. லின்னேயஸின் 'லி.' மறுபடி அடைப்புக்குறிக்கு வெளியே வந்துவிட்டது.

நர்சரிப் பலகைகளில் இன்னும் முர்ரையாதான் இருக்கும். அதனால் இணையத்தில் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள், செடி ஒன்றுதான்.