மாடுலர் சிந்தில் ட்ரோன்: ரிவெர்பைத் திறக்கும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

நான்கு ஆஸிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் மாடுல்), ஒரு ஃபில்டர், கடைசியில் பெரிய ரிவெர்ப் (எதிரொலி). மாடுலர் சிந்தில், அதாவது தனித்தனி மாடுல்களைக் கேபிளால் இணைக்கும் சிந்தசைசரில், ட்ரோன் (மாறாமல் நீண்டு நிற்கும் ஒலி) செய்ய உட்காரும் பலர் முதலில் போடும் பேட்ச் (இணைப்பு) இதுதான். இரண்டு நிமிடம் பிரமாதமாக இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தமாகிவிடும். உடனே இன்னொரு ஆஸிலேட்டரைச் சேர்ப்பார்கள், ரிவெர்பை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். அப்போதும் உயிர் வராது. கோளாறு அங்கே இல்லை. சுருதி சேர்த்த விதத்திலும் வோல்டேஜ் அளவிலும் இருக்கிறது.

இரண்டு ஆஸிலேட்டரை லேசாக விலக்கி வைத்தால் விம்மல் (ஒலி சீராக ஏறி இறங்குவது) வரும் என்பது தெரிந்ததுதான். எவ்வளவு விலக்குவது என்பதைச் சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் முடிவு செய்வதில்தான் பிசகு. 55 ஹெர்ட்ஸில் 5 சென்ட் விலக்கினால் சுமார் 6 விநாடிக்கு ஒரு விம்மல். நிதானமாக மூச்சு விடுகிற வேகம். அதே 5 சென்ட் 440 ஹெர்ட்ஸில் விநாடிக்கு 1.3 விம்மல்; படபடப்பு. ஆகவே ட்யூனரின் எண்ணைப் பார்க்காதீர்கள், விம்மலை எண்ணுங்கள். கீழே 6 விநாடிக்கு ஒன்று வந்தால் மேலே உள்ள ஜோடிக்கு 5 அல்லது 7 விநாடி வரட்டும். அவ்வளவு நுணுக்கமாக ஃபைன் ட்யூன் குமிழ் நகராது என்றால், ஒரு ஆஃப்செட் (மாறாத) வோல்டேஜை அட்டெனுவேட்டர் (அளவைக் குறைக்கும் குமிழ்) வழியாக ஆஸிலேட்டரின் சுருதியை மாற்றும் எஃப்.எம். உள்ளீட்டில் கொடுத்து அந்த அட்டெனுவேட்டரைத் திருப்புங்கள்.

சா அலையில் (saw, ரம்பப் பல் வடிவ அலை) இன்னொரு விஷயம் நடக்கிறது. அடிச் சுருதி 6 விநாடிக்கு ஒருமுறை விம்மினால், 3-ஆவது ஹார்மோனிக் (அடிச் சுருதியின் மூன்று மடங்கில் ஒலிக்கும் பகுதி) 2 விநாடிக்கு ஒருமுறையும், 6-ஆவது விநாடிக்கு ஒருமுறையும் விம்மும். ஃபில்டரைத் திறக்கத் திறக்க வெளிச்சம் மட்டுமல்ல, வேகமும் கூடுகிறது. இது பிடிபட்டால் ஃபில்டரை எல்.எஃப்.ஓ.வில் (மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜ் தரும் ஆஸிலேட்டர்) தூக்கித் தூக்கிப் போடும் பழக்கம் தானாக நின்றுவிடும்.

பஞ்சமத்தையும் காந்தாரத்தையும் ட்யூனரை வைத்துச் சேர்ப்பது அடுத்த தவறு. 110 ஹெர்ட்ஸுக்குப் பஞ்சமம் 3:2 கணக்கில் 165. ட்யூனர் காட்டுவது 164.81. மூன்று விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு விம்மல். அது பரவாயில்லை, சிலருக்குப் பிடிக்கவும் செய்யும். காந்தாரம் அப்படியல்ல. 5:4 கணக்கில் 137.5 இருக்க வேண்டியது ட்யூனரில் 138.59. 110-இன் 5-ஆவது ஹார்மோனிக் 550-லும், 138.59-இன் 4-ஆவது ஹார்மோனிக் 554.4-லும் மோதுவதால் விநாடிக்கு நாலு தடவைக்கு மேல் நடுங்கும். பாட்டில் இது கடந்துபோய்விடும். 20 நிமிடம் நிற்கிற ஒலியில் பல்லில் சிக்கிய நார்போல உறுத்திக்கொண்டே இருக்கும். நன்றாகச் சேர்த்த தம்பூராவின் மந்தரத் தந்தியில் தானாகக் கேட்குமே அந்தர காந்தாரம், அது அந்த 5-ஆவது ஹார்மோனிக்தான். அந்த இடத்தைக் காதில் பிடித்து அங்கே ஆஸிலேட்டரைக் கொண்டு நிறுத்துங்கள். குவான்டைசர் (வோல்டேஜை அருகிலுள்ள சுரத்துக்குத் தள்ளும் மாடுல்) வழியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். 12 சுரச் சமப் பங்கீட்டில் ஓடும்போது அது திரும்பவும் 138.59-க்கே தள்ளும்.

சேர்க்கும் முறை: எல்லாவற்றையும் அடைத்துவிட்டு இரண்டை மட்டும் திறங்கள். இரண்டும் சா அலையில் இருக்கட்டும், சைனில் மோதல் சரியாகக் கேட்காது. விம்மல் முழுதாக நிற்கும்வரை கொண்டுபோய், பிறகு வேண்டிய அளவுக்கு மயிரிழை நகர்த்துங்கள். அனலாக் ஆஸிலேட்டர் என்றால் இதெல்லாம் பெட்டியை ஆன் செய்து 20, 30 நிமிடம் சூடேறிய பிறகுதான்.

நான்கு ஆஸிலேட்டரின் சுருதியையும் ஒரே வோல்டேஜில் ஏற்றி இறக்குபவர்கள் பாசிவ் மல்ட்டை (ஒரு சிக்னலை வெறும் கம்பியால் பலவாகப் பிரிப்பது) நம்பக் கூடாது. அனுப்பும் மாடுலின் வெளியீடு 1 கிலோ ஓம், வாங்கும் உள்ளீடு 100 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் உள்ளீடு கூடும்போதும் ஏறத்தாழ 1 சதவீதம் வோல்டேஜ் குறையும். 3 வோல்ட்டில் அது 0.03 வோல்ட். ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்ற கணக்கில் 36 சென்ட்! பஃபர் செய்த, அதாவது வோல்டேஜ் குறையாமல் பிரித்துத் தரும் மல்ட் போடுங்கள்.

எல்.எஃப்.ஓ. பற்றி. ±5 வோல்ட் எல்.எஃப்.ஓ.வை ஃபில்டரின் 1 வோல்ட்-ஆக்டேவ் உள்ளீட்டில் அப்படியே செருகினால் 10 ஆக்டேவ் துடைக்கும். ட்ரோனுக்கு ±0.1 முதல் 0.3 வோல்ட் போதும். அட்டெனுவேட்டர் குமிழின் அடிப்பகுதியில் அவ்வளவு சன்னமாக வைக்க வராது. இரண்டு அட்டெனுவேட்டரை வரிசையாகப் போட்டால் வரும். சுற்று நேரத்தை 30, 60, 120 விநாடி என்று வைத்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் ஒன்றுகூடும். காது அதைக் கண்டுபிடித்துவிடும். 37, 53, 71 விநாடி என்று வைத்துப் பாருங்கள். மூன்றும் மறுபடி ஒரே இடத்தில் சேர 38 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அளவு மீறுவது ட்ரோனில் தந்திரமாக ஒளிந்துகொள்ளும். யூரோராக் (பரவலான மாடுலர் வடிவம்) ஆஸிலேட்டர் பொதுவாக உச்சிக்கு உச்சி 10 வோல்ட், அதாவது ±5. நான்கையும் முழுதாகக் கூட்டினால் ±20. மின்சாரமே ±12 வோல்ட்தான். ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருவது விம்மல்கள் ஒன்றுசேரும் கணத்தில் மட்டும். பேட்ச் செய்யும்போது சுத்தமாகக் கேட்கும், ரெக்கார்டிங்கில் நாலாவது நிமிடம் கரகரக்கும். மிக்சரில் ஒவ்வொன்றையும் கால் பங்குக்கு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். மிக்சரிலிருந்து நேராக ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் போகாதீர்கள். தொழில்முறை லைன் அளவு உச்சிக்கு உச்சி சுமார் 3.5 வோல்ட்தான். நடுவில் ஒரு அவுட்புட் மாடுல் வேண்டும்.

கீழ்ப்பகுதியில் கூட்டம் சேர்க்க வேண்டாம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரே ஒரு குரல், முடிந்தால் சைன் அல்லது முக்கோண அலை. மற்றவற்றை ஹை-பாஸ் ஃபில்டரில் வெட்டுங்கள். உங்கள் அறையையும் கணக்கில் எடுங்கள். 10 அடி நீள அறையின் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ். 55 ஹெர்ட்ஸ் ட்ரோனை அங்கே வாசித்தால் சுவரோரம் இடிக்கும், அறை நடுவில் காணாமல் போகும். நடுவில் உட்கார்ந்து பேஸ் போதவில்லை என்று ஏற்றினால் ஹெட்ஃபோனில் கேட்பவர் பாடு திண்டாட்டம்.

இப்போது ரிவெர்ப். அதை முழுதாக அடைத்துவிட்டு 3 நிமிடம் கேளுங்கள். அலுப்புத் தட்டினால் பேட்ச் இன்னும் தயாராகவில்லை. தயாரானால், ரிவெர்புக்குப் போகும் சிக்னலில் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு மூன்றில் ஒரு பங்கு கலவையில் தொடங்குங்கள்.

வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக: ஆஸிலேட்டர்களைக் குவிப்பதைவிட வி.சி.ஏ.க்களும் (வோல்டேஜால் ஒலி அளவை ஏற்றி இறக்கும் மாடுல்) அட்டெனுவேட்டர்களும் பயன்படும். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வி.சி.ஏ. இருந்தால்தான் ஒன்றின் மறைவில் இன்னொன்றை மெல்ல மாற்ற முடியும். சீக்வென்சர் (சுரங்களை வரிசையாக வாசிக்கும் மாடுல்) அவசியமே இல்லை. ட்ரோன் இசையமைப்பாளர் எலியான் ரதீக் ஏ.ஆர்.பி. 2500 என்ற மாடுலர் சிந்தைக் கீபோர்டு இல்லாமலே வைத்துப் பல்லாண்டு வேலை செய்தார். காசு போடும் முன் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் வி.சி.வி. ராக் என்ற மாடுலர் சிந்த் மென்பொருளில் மேலே சொன்னதையெல்லாம் முயன்று பார்க்கலாம். விம்மல் கணக்கு அங்கேயும் இதேதான். பெட்டி வாங்கினால், மாடுலுக்கு மின்சாரம் தரும் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள், மின்வழங்கியின் திறனில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஃபீட்பேக் பேட்ச் (வெளியீட்டையே திரும்ப உள்ளீட்டில் கொடுப்பது) போடுபவர்கள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். வளையத்துக்குள் ஒரு லோ-பாஸ் ஃபில்டரும் ஒரு வி.சி.ஏ.வும் கட்டாயம். வி.சி.ஏ.வைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கரில் மெதுவாக ஏற்றி, ஊளை எழும் புள்ளியைக் கண்டுகொண்டு, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.