ஸ்கேனில் குழந்தையின் கிட்னி வீங்கியிருக்கிறது என்று வந்தால் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’, அதாவது சிறுநீர் தேங்கிக் கிட்னி வீங்கியிருக்கிறது என்று இருந்தால் முதலில் ‘ஏபிடி’ (APD) என்ற அளவைத் தேடுங்கள். கிட்னியின் நடுவில் சிறுநீர் சேரும் இடம், அதாவது பெல்விஸ், முன்பின்னாக எத்தனை மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது என்பதுதான் அது. கர்ப்பத்தின் 28 வாரத்துக்கு முன் 4 மி.மீ.க்குள், அதற்குப் பிறகு 7 மி.மீ.க்குள் இருந்தால் இயல்பு. 28க்கு முன் 7, பின் 10 என்று எட்டிவிட்டால் கூடுதல் கவனம் தேவை. இடைப்பட்டது லேசான விரிவு, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். எத்தனையாவது வாரம் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து மிரளாதீர்கள்.

என்னைக் கேட்டால் அந்த எண்ணைவிட முக்கியம் பனிக்குட நீர். சுமார் 16 வாரத்திலிருந்து அதில் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீர்தான், அதனால் நீர் போதுமான அளவு இருந்தால் ஒரு கிட்னியாவது வேலை செய்கிறது, சிறுநீர் வெளியேற வழியும் இருக்கிறது என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். நீர் மிகவும் குறைந்தால் நுரையீரல் வளர்ச்சியே தடைபடும்.

சரி, வீக்கத்துக்குக் காரணம் சிறுநீர்ப் பாதையில் அடைப்பு என்றால், அது எங்கே? சாதாரணமாக, கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர்க்குழாய் ஸ்கேனில் தெரியவே தெரியாது. பெல்விஸ் மட்டும் விரிந்து குழாய் தெரியாவிட்டால் அடைப்பு மேல்முனையில் இருக்கலாம். குழாயும் விரிந்து தெரிந்தால் கீழ்முனையில் அடைப்பு இருக்கலாம், அல்லது அடைப்பே இல்லாமல் சிறுநீர் பின்னோக்கி ஏறிக்கொண்டிருக்கலாம். இரண்டு கிட்னியும் வீங்கி, சிறுநீர்ப்பை பெரிதாகி, அதன் சுவரும் தடித்து, கீழே சிறுநீர் வெளியேறும் பாதையின் தொடக்கமும் விரிந்து சாவித்துவாரம் போலத் தெரிந்தால், ஆண் குழந்தைகளுக்கு வரும் ‘போஸ்டீரியர் யூரித்ரல் வால்வ்’ என்ற அடைப்பைச் சந்தேகிப்பார்கள். இதுதான் உண்மையிலேயே அவசரமானது. ஆனால் பை ஒருமுறை பெரிதாகத் தெரிந்ததை வைத்து முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் அது நிரம்புவதும் காலியாவதும் சுமார் அரை மணிக்கு ஒருமுறை நடக்கிறது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

கிட்னி வழக்கத்தைவிட வெளிறித் தெரிகிறதா, அதில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள், திசு பாதிக்கப்பட்டதற்கான அடையாளம் அவை. நிலைமை மோசமானால் கருவிலேயே பையிலிருந்து பனிக்குடத்துக்கு ஷன்ட், அதாவது சிறுநீரை வடிக்கும் சிறு குழாய், வைப்பதும் உண்டு. அது நுரையீரலைக் காக்க உதவலாம், கிட்னிக்கு உத்தரவாதம் கிடையாது.

அப்புறம், பிரசவம் முடிந்ததும் ஸ்கேனை மறந்துவிடாதீர்கள். முதல் இரண்டு நாளில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகச் சுரப்பதால் வீக்கம் குறைந்தது போலத் தெரியும், அதனால் 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுப்பதே வழக்கம். வால்வ் சந்தேகம் இருந்தாலோ பனிக்குட நீர் குறைந்திருந்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே பார்க்க வேண்டும். முதல் ஸ்கேன் நன்றாக வந்தாலும் சில மாதங்களுக்குள் இன்னொன்று எடுக்க வேண்டும். இடையில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கர்ப்பத்தில் எடுத்த ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோய், சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.